கொலெத்: வாழ்க்கை எது, நாவல் எது? - கேள்வி பதில்

கேள்வி: ஆங்கிலம் வழியாகத்தான் படிக்க முடியும். பிரெஞ்சு எழுத்தாளர் கொலெத்தை எந்த நாவலில் தொடங்கலாம்?

'ஷெரி'யில் (1920). பலர் வரிசை தவறக் கூடாது என்று அவருடைய ஆரம்பகால க்லோதின் நாவல்களை முதலில் எடுத்து, பாதியில் விட்டுவிடுகிறார்கள். 'ஷெரி' சிறிய நாவல். ஐம்பதை நெருங்கும் லெயா, அவள் வயதில் பாதியே ஆன இளைஞன் ஷெரி. கடைசிப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். மூச்சிரைக்கும் ஒரு கிழவி தன்னைப் போலவே கையசைப்பதை லெயா பார்க்கிறாள். எதிரில் இருப்பது நிலைக்கண்ணாடி. ஆசிரியர் அங்கே ஒரு சொல் அனுதாபம்கூடக் காட்டுவதில்லை, அதனால்தான் வலிக்கிறது. கையோடு 'ஷெரியின் முடிவு' (1926) நாவலையும் படித்துவிடுங்கள்.

கேள்வி: க்லோதின் நாவல்களை எழுதியது முதல் கணவர் வில்லியா, கொலெத்தா?

எழுதியவர் கொலெத். 1900 முதல் 1903 வரை வந்த நான்கும் வில்லி பெயரில் வெளியாயின. கையெழுத்துப் பிரதிகளை அழித்துவிடும்படி வில்லி தன் உதவியாளரிடம் சொன்னார், அவரோ சிலவற்றைக் காப்பாற்றி வைத்தார். அவற்றில் கதை ஓடுவது கொலெத்தின் கையெழுத்தில், ஓரக்குறிப்புகள் வில்லியுடையவை. காரசாரமாகச் சேர்க்கச் சொன்னது அவர்தான். 1907இல் மனைவிக்குத் தெரியாமலே உரிமைகளையும் விற்றார். ஆனால் அறையில் பூட்டி வைத்து எழுத வைத்தார் என்பதற்கு முக்கிய ஆதாரம் கொலெத் 1936இல் எழுதிய நினைவுக்குறிப்புதான். மணமுறிவுக்குப் பல ஆண்டுகள் கழித்து எழுதியது என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: 'ஷெரி' அவருடைய சொந்தக் கதை என்கிறார்களே?

தேதிகளைப் பாருங்கள். ஷெரி என்ற பாத்திரம் 1910களின் தொடக்கத்திலேயே அவருடைய சிறுகதைகளில் வந்துவிட்டது. நாவல் 1920 ஜனவரியிலிருந்து பத்திரிகையில் தொடராக வந்தது. இரண்டாம் கணவர் ஆன்றி த ழுவெனலின் மகன் பெர்த்ரானை அவர் சந்தித்ததே அதன் பிறகு. கொலெத்துக்கு 47 வயது, பையனுக்கு 16. ஆக நாவல் முந்தியது, அவனோடான பாலுறவு பிந்தியது. அந்த உறவின் சாயலைத் தேடுபவர்கள் 1923இல் வந்த 'பச்சைப் பயிர்' நாவலைப் பார்க்கலாம், அதிலும் அளவாக. பதினாறு வயதுப் பையனிடம், அதுவும் கணவரின் மகனிடம், அவர் நடந்துகொண்டது தவறு. அதைக் காதல் காவியமாக்கும் கட்டுரைகளைப் படிக்கும்போது எரிச்சல்தான் வருகிறது.

கேள்வி: அம்மாவைப் பற்றி எழுதியவையாவது உண்மையா?

'விடியல்' (1928) தாய் சிதோவின் கடிதத்தோடு தொடங்கும். மருமகன் அழைத்தும் அவள் வர மறுக்கிறாள்: இளஞ்சிவப்புக் கள்ளி பூக்கப்போகிறது, இப்போது விட்டால் மறுபடி பார்க்கக் கிடைக்காது. அற்புதமான பக்கம். உண்மைக் கடிதத்தில் சிதோ அழைப்பை ஏற்றுக்கொண்டிருந்தாள்! வருகிறேன் என்றதை வரமாட்டேன் என்று மகள் மாற்றினார். 1912இல் சிதோ இறந்தபோது கொலெத் அடக்கத்துக்கும் போகவில்லை. தன் மகளையும் பெரும்பாலும் பிரான்ஸின் கொரேஸ் பகுதி மாளிகையில் ஓர் ஆங்கிலேயச் செவிலியின் பொறுப்பில் விட்டிருந்தார். தாய்மை பற்றி அவர் எழுதியதைப் படிக்கையில் இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அந்தக் கள்ளிப்பூப் பக்கத்தின் மீதுள்ள மதிப்பு இதனால் கூடியதே தவிரக் குறையவில்லை. ஒரு சாதாரணக் கடிதத்திலிருந்து அப்படியொரு தாயை உருவாக்கியிருக்கிறார்.

கேள்வி: இரண்டாம் உலகப்போரில், ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது அவர் என்ன செய்தார்?

மூன்றாம் கணவர் மோரிஸ் கூதெக்கே யூதர். 1941 டிசம்பரில் கைதானார். ஜெர்மன் தூதர் மனைவியின் தலையீட்டுக்குப் பின் 1942 பிப்ரவரியில் விடுதலையானார். அதே காலத்தில் ஆக்கிரமிப்பாளர்களுக்கு ஆதரவான பத்திரிகைகளில் கொலெத் எழுதினார். கணவரைக் காக்கவே எழுதினார் என்று சொல்வது முழுப் பதிலாகாது: அந்தக் கைதுக்கு முன்பே அங்கே எழுதத் தொடங்கிவிட்டார்.

கேள்வி: பாரிஸில் கல்லறை எங்கே?

பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில், 4ஆம் பிரிவு. பிரதான வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1954 ஆகஸ்ட் 3 அன்று இறந்தார். கத்தோலிக்கத் திருச்சபை சடங்கை மறுத்தது, அரசு தன் சார்பில் அரசுமுறை இறுதிச்சடங்கை அளித்தது. அதைப் பெற்ற முதல் பிரெஞ்சுப் பெண் அவர்.