பொய் சொன்னால் இயேசு வெளியே போய்விடுவாரா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. விடுமுறை வேதாகமப் பள்ளியில் கை உயர்த்தி, அழுது, இயேசுவை ஏற்றுக்கொண்டதாகச் சொன்னான். பத்து நாள் கழித்து பக்கத்தில் உட்காரும் பையனுடைய ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துவந்து, அவனே கொடுத்தான் என்று பொய் சொல்லி மாட்டிக்கொண்டான். இப்போது ராத்திரி படுக்கும்போது “இயேசு என் இதயத்தை விட்டுப் போயிட்டாராம்மா?” என்று கேட்கிறான். முகாமில் சொல்லிக்கொடுத்த அதே ஜெபத்தைத் திரும்பச் சொல்கிறான். சபை மூப்பர் ஒருவர், “அவன் உண்மையா இரட்சிக்கப்படல, அடுத்த முகாமுக்கு அனுப்புங்க” என்கிறார். ஞாயிறு பள்ளியில் ‘விசுவாசம் பாவத்தை ஜெயிக்கும்’ என்று பாடம் எடுப்பவளே நான்தான். என் பிள்ளைக்கு என்ன சொல்வது?

பதில்: சகோதரி, பிள்ளை கேட்ட கேள்விக்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுங்கள். “போகல.” அவ்வளவுதான். வசனம், விளக்கம் எல்லாம் அப்புறம். இருட்டில் படுத்துக்கொண்டு கேட்கும் பிள்ளைக்கு முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்க வேண்டும். “நீ நல்லபடியா இருந்தா போகமாட்டார்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம்மில் பாதிப் பேர் வாயில் அதுதான் வரும், அதைச் சொன்ன நிமிஷமே நற்செய்தியைத் திருப்பி வாங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ‘இதயக் கதவைத் திற, இயேசு உள்ளே வருவார்’ என்று சிறுவர் கூட்டங்களில் சொல்கிறோம். ஒன்பது வயதுப் பிள்ளை உருவகத்தை உருவகமாக எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. உள்ளே வந்தவர் வெளியேயும் போவார் என்று அவன் சரியாகத்தான் யோசிக்கிறான். இத்தனைக்கும் அந்தக் கதவு வருகிற வெளிப்படுத்தின விசேஷம் 3:20, ஒரு சபைக்கு எழுதப்பட்டது. லவோதிக்கேயா சபை. ஏற்கெனவே விசுவாசிகள் என்று சொல்லிக்கொண்டவர்கள், வெதுவெதுப்பாகிப் போனவர்கள். அவர்களிடம்தான் ‘வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்’ என்கிறார். அப்படியானால் உங்கள் மகன் நிலையில் இருப்பவனுக்கு அந்த வசனம் சொல்வது, தடுமாறினவனிடமும் அவரே வந்து தட்டுகிறார் என்பதுதான். பயமுறுத்த அதில் ஒன்றுமில்லை.

அடுத்தது உங்கள் பாடத் தலைப்பு. ‘விசுவாசம் பாவத்தை ஜெயிக்கும்’ என்பதைப் பிள்ளைகள் எப்படிக் கேட்கிறார்கள் தெரியுமா? ‘நான் பலமா நம்பினா பொய் சொல்லணும்னு தோணவே தோணாது.’ தோன்றிவிட்டால்? என் விசுவாசம் டூப்ளிகேட் என்று முடிவுகட்டிவிடுவார்கள். பெரியவர்களே அப்படித்தான் நினைக்கிறார்கள், பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. ஜெயித்தவர் இயேசு. விசுவாசம் அவரைப் பிடித்துக்கொள்கிறது, அதற்கென்று தனிப் பலம் எதுவும் கிடையாது. ‘நம்முடைய விசுவாசமே உலகத்தை ஜெயிக்கிற ஜெயம்’ என்று எழுதிய அதே முதலாம் யோவான் நிருபத்தில்தான், நமக்குப் பாவமில்லை என்போமானால் நம்மை நாமே வஞ்சிக்கிறோம் என்றும் இருக்கிறது. இரண்டாம் அதிகாரம் ‘என் பிள்ளைகளே’ என்றுதான் ஆரம்பிக்கிறது: நீங்கள் பாவம் செய்யாதபடிக்கு எழுதுகிறேன், ஒருவன் செய்துவிட்டால் நமக்காகப் பரிந்து பேசுகிறவர் இருக்கிறார். இரண்டும் ஒரே மூச்சில் வருகிறது. நாம் முதல் பாதியை மனப்பாட வசனமாக்கிப் பரிசு கொடுக்கிறோம், இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறோம்.

பாவத்தின் தண்டனை, பாவத்தின் ஆளுகை, பாவத்தின் இருப்பு என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வது பழைய வழக்கம். தண்டனை சிலுவையோடு தீர்ந்தது. ஆளுகை ஒவ்வொரு நாளும் உடைந்துகொண்டிருக்கிறது. பாவம் இருப்பதே இல்லாமல் போவது, அவரை நேரில் காணும்போதுதான். இதன் இறையியல் பெயர்களை நீங்கள் வகுப்பில் சொல்ல வேண்டாம், பிள்ளைக்கு இப்படிச் சொல்லுங்கள்: வகுப்புத் தலைவன் ஒருவன் எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தான், டீச்சர் அவனைப் பதவியிலிருந்து எடுத்துவிட்டார். அவன் இன்னும் அதே வகுப்பில்தான் இருக்கிறான், பழைய பழக்கத்தில் “ஏய், எழுந்து நில்லு” என்று கத்தவும் செய்கிறான். நீயும் பழைய பழக்கத்தில் சில நேரம் எழுந்து நின்றுவிடுகிறாய். ஆனால் நிற்க வேண்டியதில்லை, அவனுக்கு அதிகாரம் இல்லை. ரோமர் 6:14-ல் ‘பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது’ என்று பவுல் சொல்வது இதைத்தான். பாவம் இனி கூப்பிடவே கூப்பிடாது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அடுத்த அதிகாரத்திலேயே, விரும்பாத தீமையைச் செய்கிறேனே என்ற புலம்பல் வருகிறது.

கதை வேண்டுமென்றால் பேதுருவை எடுங்கள், ஆனால் சேவல் கூவுகிற இடத்தில் ஆரம்பிக்காதீர்கள். லூக்கா 22:32-ல் ஆரம்பியுங்கள். இயேசுவை எனக்குத் தெரியாது என்று பேதுரு மறுதலிப்பதற்கு முன்பே, உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன் என்று இயேசு சொல்லிவிடுகிறார். விழப்போகிறான் என்று தெரிந்தே சொல்கிறார். அவன் திரும்பி வந்த பிறகு செய்யவேண்டிய வேலையையும் அதே வசனத்தில் கொடுத்துவிடுகிறார். “பேதுரு பொய் சொன்னப்போ இயேசு போயிட்டாரா?” என்று உங்கள் மகனிடமே கேட்டுப் பாருங்கள். அவர் திரும்பி அவனைப் பார்த்தார் என்று இருக்கிறது. உயிர்த்தெழுந்த பிறகு அவனைத் தேடிக் கடற்கரைக்கே போனார்.

சரி, இப்போது எனக்குக் கோபம் வருகிற விஷயம். ‘அடுத்த முகாமுக்கு அனுப்புங்கள்’ என்பது.

எதற்கு? மறுபடி கை உயர்த்தவா? நிறங்களை மட்டும் காட்டிப் பிள்ளைகளுக்கு இரட்சிப்பைச் சொல்லும், எழுத்தே இல்லாத அந்த வண்ணப் புத்தகத்தை நீங்களும் வைத்திருப்பீர்கள். ஸ்பர்ஜன் என்ற போதகர் 1866-ல் லண்டனில் அதைப் பற்றிப் பிரசங்கித்தபோது பாவத்துக்குக் கறுப்பு, இயேசுவின் இரத்தத்துக்குச் சிவப்பு, சுத்தமான இதயத்துக்கு வெள்ளை என மூன்றே பக்கம். 1875-ல் டி. எல். மூடி என்ற அமெரிக்கப் பிரசங்கியார் பரலோகத்துக்காகப் பொன் நிறத்தைச் சேர்த்தார். பச்சை அதற்கும் பிறகு வந்தது, வளர்ச்சிக்காக. உங்கள் மகன் இன்றைக்கு நிற்பது அந்தப் பச்சைப் பக்கத்தில், அந்தப் பக்கத்தைத்தான் யாரும் நின்று நடத்துவதில்லை. கறுப்புக்கு அரை மணி நேரம், கண்ணீர், கீபோர்டு இசை. பச்சைக்கு ‘தினமும் வேதம் வாசி, ஜெபம் பண்ணு, பை’.

ஏனென்றால் பச்சையை எண்ண முடியாது, உயர்ந்த கைகளை எண்ணலாம், போட்டோ எடுக்கலாம், அறிக்கையில் போடலாம், காணிக்கை அனுப்புகிறவர்களுக்கு மாதக் கடிதத்தில் ‘இத்தனை ஆத்துமாக்கள்’ என்று எழுதலாம். ஊர் ஊராகப் போகும் சிறுவர் ஊழியர்கள் எல்லாரும் இப்படி இல்லை, நேர்மையானவர்கள் உண்டு. ஆனால் போன வருஷம் கை தூக்கிய அதே பிள்ளை இந்த வருஷமும் கணக்கில் ஏறுவதை நான் பல இடங்களில் பார்த்துவிட்டேன், கேட்டால் “புதுப்பித்துக்கொண்டான்” என்பார்கள். பிள்ளையின் சந்தேகம் அவர்களுடைய புள்ளிவிவரத்துக்கு லாபம். அதனால் யாராவது ‘முதல்முறை உண்மையாக நடக்கவில்லை’ என்று உங்கள் பிள்ளையிடம் சொன்னால், அப்படிச் சொல்வதால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று முதலில் பாருங்கள். மூப்பரும் மனிதர்தான், அவரால் உங்கள் மகனுடைய உள்ளத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாது.

இதைவிட மோசமான கூட்டம் ஒன்று உண்டு. ‘பிள்ளைக்குப் பொய்யின் ஆவி இருக்கிறது, தனியாக ஜெபிக்க வேண்டும்’ என்று வருவார்கள். எண்ணெய், உபவாசம், விசேஷ காணிக்கை எல்லாம் பின்னாலேயே வரும். ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்த பையனுக்குப் பிசாசு பிடிக்கவில்லை, ஜியாமெட்ரி பாக்ஸ் பிடித்திருந்தது. பிள்ளையை யாரிடமும் தனி அறையில் ஜெபத்துக்கு அனுப்பாதீர்கள், எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும். நரகத்தைப் பார்த்து வந்ததாகச் சொல்லும் வீடியோக்களையும் காட்டாதீர்கள். பயத்தில் நிறுத்திய பொய், பயம் தெளிந்ததும் திரும்பி வரும், அதுவும் மாட்டிக்கொள்ளாமல் சொல்லப் பழகிய பிறகு வரும்.

நீங்கள் செய்யவேண்டியது சின்ன வேலைதான். அவனோடு சேர்ந்து முதலாம் யோவான் 1:9-ஐ வாசியுங்கள். பொதுவாக ‘என் பாவங்களை மன்னியும்’ என்று சொல்லவிடாமல், எடுத்தேன், பொய் சொன்னேன் என்று பெயர் சொல்லி ஒருமுறை அறிக்கையிடச் சொல்லுங்கள். ஒருமுறை போதும். பிறகு பாக்ஸைத் திருப்பிக் கொடுக்க அவனோடு நீங்களும் போங்கள், பேச வேண்டியது அவன். இதில் வரிசை முக்கியம்: ஏமாற்றி வாங்கிய பணத்தை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று வரி வசூலிக்கிற சகேயு சொன்னதால் இயேசு அவன் வீட்டுக்குப் போகவில்லை, அவர் வருகிறேன் என்று சொன்ன பிறகுதான் அவனுக்கு அந்த மனசே வந்தது. மன்னிப்பு சம்பாதிக்கப் பாக்ஸைக் கொடுக்கவில்லை, மன்னிக்கப்பட்டவன் என்பதால் கொடுக்கிறான். பிள்ளைகளுக்கு இது நாம் நினைப்பதைவிட நன்றாகவே புரியும். அப்புறம், அடுத்த ஆசை வரும்போதே, எடுப்பதற்கு முன்னாலேயே, “இயேசப்பா, எனக்கு அத எடுக்கணும் போல இருக்கு, ஹெல்ப் பண்ணுங்க” என்று சொல்லப் பழக்குங்கள். பாவத்தை மேற்கொள்வது ஒரு ஒன்பது வயதுப் பையனுக்குப் பெரும்பாலும் இந்த அளவில்தான் நடக்கும், அதுவும் மெதுவாக நடக்கும். நடந்தால் கவனித்து, “நேத்து எடுக்காம வந்தியே, பார்த்தேன்” என்று சொல்லுங்கள். நாம் விழுந்ததை மட்டும்தான் கவனிக்கிறோம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் ‘அதே ஜெபத்தைத் திரும்பச் சொல்கிறான்’ என்று இருக்கிறது. பெரும்பாலும் இது சில நாட்களில் அடங்கிவிடும். ஆனால் சில பிள்ளைகளுக்கு அடங்காது. சரியாகச் சொன்னேனா என்று ஜெபத்தை முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள், ஒரு வார்த்தை தப்பினால் மறுபடி, மனதில் ஓடிய ஒரு கெட்ட எண்ணத்துக்காக மணிக்கணக்கில் மன்னிப்பு கேட்பார்கள், “இயேசு போகலதானே?” என்று ஒரே நாளில் இருபது முறை கேட்பார்கள், சாப்பாடும் தூக்கமும் பள்ளிக்கூடமும் கெடும். இதை ஆவிக்குரிய வைராக்கியம் என்று பாராட்டுகிற பெற்றோரையும் பார்த்திருக்கிறேன், விசுவாசக் குறைவு என்று திட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே தப்பு. எண்ணச் சுழற்சி நோய் என்று ஒன்று உண்டு, ஓசிடி என்பார்கள், அது சிறுவயதிலேயே தொடங்கலாம், பக்தியின் வடிவத்திலும் வரலாம். பிற்காலத்தில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரே இளம் துறவியாக இருந்தபோது மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து, வெளியே போனதும் இன்னொன்று நினைவுக்கு வந்து திரும்பி ஓடியதாகச் சொல்வார்கள், கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மடத்து மூத்தவர் ஸ்டௌபிட்ஸ் சலித்துப்போகும் அளவுக்கு.

இங்கே நான் மேலே சொன்ன ஆலோசனையே தலைகீழாகும், அதனால்தான் இவ்வளவு இழுக்கிறேன். சாதாரணப் பிள்ளைக்கு “போகல” என்ற பதில் மருந்து. இந்தப் பிள்ளைக்கு அதே பதிலை இருபதாவது முறை சொல்வது நோய்க்குத் தீனி, ஏனென்றால் ஒவ்வொரு ஆறுதலும் ஐந்து நிமிஷம் நிம்மதி தந்து அடுத்த கேள்வியைக் கொண்டுவரும். குழந்தைகள் மனநல மருத்துவரிடமோ உளவியல் நிபுணரிடமோ கூட்டிப் போங்கள். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, பயத்தைத் தாங்கிக்கொண்டு சடங்கைச் செய்யாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குவார்கள். சிகிச்சைக்குப் போவது அவிசுவாசம் என்று சபையில் யாராவது சொன்னால், அவர் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். உங்கள் மகன் அப்படி என்று நான் சொல்லவில்லை. இரண்டு மூன்று வாரம் கவனியுங்கள், குறைகிறதா கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால் முகாமுக்கு அல்ல, மருத்துவரிடம்.

உங்கள் வகுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயிற்சி இல்லாமல், ஒரு பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, நாற்பது நிமிஷத்தில் பாட்டு, வசனம், பாடம், வருகைப் பதிவு எல்லாம் முடிக்கச் சொல்கிறார்கள், பரீட்சை மார்க் மட்டும் தலைமை அலுவலகத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த அமைப்பை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் அடுத்த முறை அதே தலைப்பு வரும்போது, ‘ஜெயித்தவர் யார்’ என்பதில் பாடத்தை ஆரம்பித்து, ‘மறுபடி விழுந்தால் என்ன செய்வது’ என்பதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். பாடப் புத்தகத்தில் அது இருக்காது, நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஆண்டு விழாவில் ‘நான் முன்பு பொய் சொல்வேன், இப்போது சொல்வதில்லை’ என்று உங்கள் மகனை மேடையில் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள், ஆசிரியை மகன் அல்லவா. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேடையில் அப்படிச் சொல்லிவிட்ட பிள்ளை, அடுத்த பொய்யை உங்களிடம் வந்து சொல்லமாட்டான்.