ரிட் போடும் முன் உங்கள் வீட்டு ஷட்டரைப் பாருங்கள்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், லாரன்ஸ் ரோட்டை ஒட்டிய தெருவில் எங்களுக்குக் கட்டடம் இருக்கிறது. 2014-ல் பிளான் வாங்கிக் கட்டியது. முன்பக்கம் இரண்டு கடைகள், மாடியில் நாங்கள். 2022-ல் சொத்து வரியை ஏற்றியபோது தெருக்காரர்கள் எல்லோரும் பழைய வரியை மட்டும் கட்டுவது என்று முடிவெடுத்தோம். இப்போது பாக்கியும் வட்டியும் சேர்த்து மாநகராட்சி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. கடைகளுக்கு இரண்டு மடங்கு. மாடி வீடு அளந்தால் 1,140 சதுர அடிதான், நோட்டீஸில் 1,230. எதிர்வீட்டுக்கு இதில் பாதி வரிகூட இல்லை. தெருவில் சாக்கடைக்கு மூடி கிடையாது. வாசலில் நோ பார்க்கிங் போர்டு வைத்துவிட்டார்கள். வாடிக்கையாளர் வண்டியை நிறுத்தினால் ஃபைன். கடைக்காரர்கள் வாடகையைக் குறைக்கச் சொல்கிறார்கள். கீழே பிளானில் பார்க்கிங் என்று காட்டிய இடத்தை 2017-ல் ஷட்டர் போட்டு ஜவுளிக்கடைக்குக் குடோனாக விட்டிருக்கிறோம், கரண்ட் எங்கள் வீட்டு மீட்டரில் இருந்துதான், அவர்களும் முணுமுணுக்கிறார்கள். வசதியே செய்யாமல் வரி கேட்கலாமா? ஆளுக்கு 5,000 ரூபாய் போட்டு ஹைகோர்ட்டில் ரிட் போடலாம் என்கிறது சங்கம். நானும் சேரலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

பதில்: சேர வேண்டாம்.

உங்கள் கோபம் நியாயமானதா என்பது வேறு விஷயம். சட்டத்துக்கு வேண்டியது கடிதத்தில் ஒரே வரியில் இருக்கிறது. பிளானில் பார்க்கிங் என்று காட்டிய இடத்தில் ஷட்டர் போட்டு வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். அதை வாடகைதாரர் சங்கதியோடு சேர்த்துப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் உங்கள் எதிர்த்தரப்பு வக்கீலாக இருந்தால் அந்த வரியைத் தவிர வேறு எதையும் படிக்க மாட்டேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாக்கடை மூடி இல்லை, அதனால் வரி கட்ட மாட்டேன் என்ற வாதம் எந்தக் கோர்ட்டிலும் நிற்காது. கட்டணம் என்றால் அதற்கு ஈடாக ஒரு சேவை இருக்க வேண்டும்; வரிக்கு அந்த நிபந்தனை கிடையாது. சாக்கடைக்குத் தனியாக மனு கொடுங்கள், விடாமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அதையும் வரியையும் முடிச்சுப் போடாதீர்கள். எதிர்வீட்டுக்காரர் குறைவாகக் கட்டுகிறார் என்பதும் உதவாது. இன்னொருவருக்குச் சட்டத்துக்கு மாறாகக் கிடைத்த சலுகையை எனக்கும் கொடு என்று கேட்க அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவு இடம் தருவதில்லை. அதிகபட்சம் என்ன நடக்கும்? அவருடைய வரியையும் ஏற்றுவார்கள். அதே தெருவில் ஆயுசுக்கும் குடியிருக்கப் போகிறவர்கள் நீங்கள் இருவரும்.

நோ பார்க்கிங் விஷயமும் அப்படித்தான். உங்கள் வாசலுக்குப் போய்வர உங்களுக்கு உரிமை உண்டு. வாசலுக்கு முன்னால் உள்ள ரோட்டில் வண்டி நிறுத்த உங்களுக்கோ வாடிக்கையாளருக்கோ தனி உரிமை எதுவும் கிடையாது. எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டம் அரசிடமும் அது அதிகாரம் அளித்தவர்களிடமும் கொடுத்திருக்கிறது. போர்டு தப்பான இடத்தில் இருக்கிறது என்றால் கலெக்டருக்கும் போக்குவரத்துப் போலீசுக்கும் மனு போட்டு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு ரிட் தேவையில்லை.

வரி உயர்வே செல்லாது என்று வாதாடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சென்னை, கோவை மாநகராட்சிகளின் உயர்வை எதிர்த்துப் போட்ட வழக்குகளிலேயே உயர் நீதிமன்றம் உயர்வை ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்னொன்று, கடலூரில் இன்னும் 1920-ஆம் வருட நகராட்சிச் சட்டத்தை வைத்து மனு எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். இப்போது நடப்பில் இருப்பது 1998-ஆம் வருட நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023-ல் வந்த விதிகளும். சங்கத்தின் வரைவு மனு கைக்கு வந்தால் முதல் பக்கத்தில் எந்தச் சட்டம் என்று பாருங்கள்.

சரி, உங்களுக்கு ஜெயிக்கக்கூடிய பாயின்ட் எதுவுமே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. நீங்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. 2022 உயர்வில் கடலூர் போன்ற ஊர்களில் குடியிருப்புக்குப் பரப்பை வைத்துப் படி வகுத்தார்கள். 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. வணிகக் கட்டடங்களுக்கு 100. ஆகவே கடைகளுக்கு இரண்டு மடங்கு என்பது கணக்குப்படி சரிதான், அதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் மாடி வீடு 1,140 என்றால் உங்களுக்கு 50 சதவீதம்தான் ஏற வேண்டும். 1,230 என்று எழுதியதால் 75-க்குப் போய்விட்டது. பால்கனியையோ மாடிப்படியையோ சேர்த்து அளந்திருப்பார்கள். இது உண்மையான குறை. கமிஷனரிடம் மனு கொடுத்தால் திருத்தவும் திருத்துவார்கள்.

அதில் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். உயர்வுக்கு முன் மாடிக்கு அரையாண்டு வரி 1,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீதம் ஏறினால் 2,400, 75 ஏறினால் 2,800. வித்தியாசம் அரையாண்டுக்கு 400 ரூபாய். இந்த 400 ரூபாய்க்காக நீங்கள் அளவு டேப்போடு ஒருவரை உங்கள் கட்டடத்துக்குள் அழைக்கிறீர்கள். அவர் மாடியை மட்டும் அளந்துவிட்டுப் போக மாட்டார்.

இங்கேதான் என்னிடம் வழக்குக்கு வரும் கட்சிக்காரர்கள் பலர் விழுந்திருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பக்கத்து ஊரில் ஒருவர், உங்களைப் போலவே கீழே கடை, மாடியில் வீடு. பரப்பு தப்பு என்று தானே மனு எழுதிக் கொடுத்துவிட்டார், என்னிடம் வந்தது அதற்கப்புறம்தான். பில் கலெக்டரும் உதவிப் பொறியாளரும் வந்தார்கள். மாடியை அளந்தார்கள், அவர் சொன்னதுதான் சரி. கீழே இறங்கும்போது பொறியாளர் ஷட்டரைத் தட்டி இது என்ன என்று கேட்டார். திறந்து பார்த்தால் ரேக் அடித்து அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. தூணில் கார் நிறுத்தக் கோடு போட்ட மஞ்சள் பெயின்ட் மட்டும் மிச்சம். அவர் எதுவும் பேசவில்லை. செல்போனில் இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்து வந்த கடிதத்தில் மாடிக்கு வரி குறைந்திருந்தது, கீழ்த்தளத்துக்கு வணிகப் பயன்பாடு என்று புதிதாக வரி, அதுவும் பழைய அரையாண்டுகளுக்கும் சேர்த்து. கட்சிக்காரர் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தார். அந்த போட்டோ வரிப் பிரிவில் இருந்து நகரமைப்புப் பிரிவுக்குப் போனது.

நகரமைப்புப் பிரிவு கேட்பது வரி அல்ல. 1971-ஆம் வருட நகர், ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளில் நோட்டீஸ் வரும்: அனுமதித்த பிளானுக்கு மாறாக இருப்பதை எடுத்துவிட்டுப் பழையபடி ஆக்கு, இல்லாவிட்டால் பூட்டி சீல் வைப்போம். அவருக்கு வைத்தார்கள். அதுவும் தீபாவளிக்கு முந்தின வாரம், உள்ளே வாடகைதாரரின் பண்டிகைச் சரக்கு. ஷட்டர் பூட்டின் மேல் துணி சுற்றி அரக்கு வைத்து, பக்கத்துச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். அதே சட்டத்தின் 80-ஏ பிரிவில் அரசுக்கு மேல்முறையீடு போட்டோம், சரக்கை எடுக்க மட்டும் அனுமதி வாங்கினோம். அதற்குள் பண்டிகை போய்விட்டது. வாடகைதாரர் அட்வான்சையும் கேட்டார், நஷ்டத்தையும் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. பார்க்கிங் இடம் என்று சொல்லாமல் குடோனாக விட்டது வீட்டுக்காரர்தானே. கடைசியில் பேசி முடித்துக் கொடுத்த தொகை, வரியில் அவர் ஆயுசுக்கும் மிச்சம் பிடித்திருக்கக்கூடிய தொகையைவிட அதிகம்.

இத்தனை வருஷமாக யாரும் கேட்கவில்லையே, வரி ரசீது இருக்கிறதே, பிறகு வரன்முறைப்படுத்திக்கொள்ளலாமே என்று உங்களிடம் சொல்வார்கள். வரி கட்டிய ரசீது பிளான் மீறலைச் சரியாக்காது. காலம் போனது, அதிகாரிகள் சும்மா இருந்தது, பணம் போட்டது, இவை எதுவும் விதிமீறிய கட்டடத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ராஜேந்திர குமார் பர்ஜாத்யா வழக்கில் அழுத்தமாகவே சொல்லியிருக்கிறது. அதன்பிறகு கீழே உள்ள எந்த அதிகாரியும் இரக்கப்பட்டுக் கையெழுத்துப் போட யோசிப்பார். 1971 சட்டத்தின் 113-சி பிரிவில் உள்ள வரன்முறைத் திட்டம் 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு. உங்களுடையது 2014 பிளான்.

இனி ரிட் மனு. அதில் நீங்கள் சத்தியப் பிரமாணம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். பார்க்கிங் இல்லாததால் தெருவே தவிக்கிறது என்று சங்கத்தின் மனு சொல்லும். மாநகராட்சி வக்கீல் எழுந்து மனுதாரர்கள் எல்லோருடைய பிளானையும் மேசையில் வைப்பார்: இவர்களுக்குப் பார்க்கிங் இருக்கிறது, அதை இவர்களே அடைத்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அதற்கு உங்கள் தரப்பில் பதில் கிடையாது. உண்மையை மறைத்துக் கோர்ட்டுக்கு வந்ததாகச் சொல்லி மனுவைச் செலவுத்தொகையோடு தள்ளுபடி செய்தால்கூடத் தப்பித்தீர்கள் என்பேன். அந்தத் தெரு முழுவதையும் ஆய்வு செய்து அறிக்கை தாக்கல் செய்யுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டால், ரோட்டில் நீட்டிய படிக்கட்டு, சாய்தளம், போர்டு எல்லாம் போகும். சங்கத்தில் சேராத வீட்டுக்காரர்களும் உங்களால் மாட்டுவார்கள். மற்றபடி மாநகராட்சி அதிகாரி நினைத்தால் கொஞ்சம் அவகாசம் தரலாம். ஹைகோர்ட் உத்தரவு என்று வந்துவிட்டால் அவர் கையிலும் ஒன்றும் இல்லை.

மீட்டர் விஷயத்தையும் லேசாக நினைக்காதீர்கள். வீட்டு இணைப்பில் இருந்து குடோனுக்குக் கரண்ட் கொடுப்பது மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் வரும். ஈ.பி. பறக்கும் படை பார்த்தால் உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு மதிப்பிடுவார்கள், எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்கு. தெருச் சண்டையில் மனு போடுகிறவர்கள் ஈ.பி.க்கும் ஒன்று போட்டுவிடுவது வழக்கம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது சண்டை அல்ல, சமாதானம். முதலில் பாக்கியைக் கட்டுங்கள். மாதா மாதம் வட்டி ஏறுகிறது. குடிநீர் இணைப்பைத் துண்டிப்பதில் தொடங்கி ஜப்தி வரை அவர்கள் போக முடியும். பணத்தோடு, பரப்பு பற்றிய ஆட்சேபத்துக்கு உட்பட்டுச் செலுத்துகிறேன் என்று இரண்டு வரிக் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இப்போது எதுவும் எழுத வேண்டாம். இனிவரும் அரையாண்டுகளில் ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. நீங்கள் சண்டை போட்டுச் சம்பாதிக்க நினைப்பதில் கணிசமான பங்கு அதிலேயே வந்துவிடும்.

அப்புறம் ஜவுளிக்கடைக்காரர். அவரே முணுமுணுக்கிறார் என்கிறீர்கள், அது உங்கள் நல்ல காலம். உட்கார்ந்து பேசி மூன்று மாதம் டைம் கொடுங்கள், அட்வான்சைக் கழிக்காமல் திருப்பிக் கொடுங்கள், காலி செய்ததற்கு எழுத்தில் வாங்குங்கள். குடோன் வாடகை போகிறதே என்று நீங்கள் கலங்குவது எனக்குப் புரிகிறது. பலருக்கு அந்த வாடகைதான் மாதச் சம்பளம். ஆனால் அது கையில் நிற்கும் வருமானம் இல்லை. ஷட்டரைக் கழற்றி, தரையைச் சுத்தம் செய்து, கோடு போட்டு, தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். வீட்டு மீட்டரில் இருந்து போன ஒயரை எடுத்துவிடுங்கள். கடைகளுக்கு வருகிறவர்களின் டூவீலரை அங்கே விடுங்கள். வாடகையைக் குறைக்கச் சொன்ன கடைக்காரர்களிடம் அப்போது நீங்கள் பேசுகிற தோரணையே வேறாக இருக்கும்.

இவ்வளவும் முடிந்தபிறகு, அடுத்த அரையாண்டில், மாடிப் பரப்பைத் திருத்தச் சொல்லி மனு கொடுங்கள். அப்போது யார் டேப்போடு வந்தாலும் வரட்டும். கீழே முன்பு என்ன இருந்தது என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள். அந்த வருஷங்களுக்கு வணிக வரி போட்டால் கட்டிவிடுங்கள். இடம் பிளான்படி இருக்கும்வரை சீல் வைக்கக் காரணம் இருக்காது.

சங்கத்துக்கு ஏற்கனவே 5,000 ரூபாய் கொடுத்திருந்தால் அதைத் திருப்பிக் கேட்டு மனஸ்தாபம் வளர்க்க வேண்டாம். அதே பணத்தைத் தெருவில் ஒரு காலி மனையைப் பார்க்கிங்குக்குக் குத்தகை எடுக்கப் பயன்படுத்தலாம் என்று கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள், கடைகளுக்கே அது வழக்கைவிட லாபம். ஆனால் மனுதாரர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். வக்காலத்தில், அதாவது வழக்கு நடத்த வக்கீலுக்கு எழுதித் தரும் அதிகாரப் பத்திரத்தில், ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தால், மனு தாக்கலாகும் முன் அந்த வக்கீலுக்குப் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள். நகலையும் தபால் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள்.