அண்ணன் கையெழுத்துப் போட்டால் போதுமா? முன்னாள் ராணுவ வீரரும் கட்டாய மனநல சிகிச்சையும்

கேள்வி: வக்கீல் சார், என் கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து 2019-ல் பென்ஷனில் வந்தவர். காஷ்மீரில் ராஷ்ட்ரிய ரைபிள்ஸில் இருந்தபோது கூட இருந்தவர்கள் குண்டுவெடிப்பில் இறந்ததைக் கண்ணால் பார்த்தவர். சர்வீஸில் இருக்கும்போதே மிலிட்டரி ஆஸ்பத்திரியில் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய்) என்று சிகிச்சை கொடுத்தார்கள். ஊருக்கு வந்த பிறகு மாத்திரையை விட்டுவிட்டு கேன்டீன் ரம்மைப் பிடித்துக்கொண்டார். வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். போன மாதம் ஒரு ராத்திரி மகன் தொட்டு எழுப்பியபோது அவன் கழுத்தைப் பிடித்துவிட்டார். விடிந்ததும் அழுதார். “சி.எம்.சி.க்கு நானே வர்றேன்” என்றார். அதற்குள் அவருடைய அண்ணன் ஒரு போதை மறுவாழ்வு மையத்துக்குப் போன் போட்டுவிட்டார். நாலு பேர் வந்து கையைக் கட்டி வேனில் ஏற்றிப் போனார்கள். இன்றோடு 19 நாள். “மூணு மாச கோர்ஸ், 45 நாள் யாரும் பார்க்கக் கூடாது” என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ மட்டும் வந்தது, தலையை மொட்டை அடித்திருக்கிறார்கள். ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டது அண்ணன்தான். இருவருக்கும் நிலத்தில் பாகம் பிரிக்க வேண்டியிருக்கிறது. கணவர் சொந்த லைசன்ஸ் துப்பாக்கியோடு ஒரு வங்கியில் காவலுக்குப் போகிறவர். நான் புகார் கொடுத்தால் பென்ஷனும் லைசன்ஸும் போய்விடுமா? அவர் வீட்டுக்கு வந்தாலும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
— ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் அந்த வாட்ஸ்அப் போட்டோவை அழித்துவிடாதீர்கள். தேதியோடு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். மனநல சிகிச்சையில் இருப்பவருக்குக் கட்டாயமாக மொட்டை போடக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது (20-வது பிரிவு). சங்கிலியால் கட்டுவதும் கூடாது (95). 2001-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் கட்டிய கட்டிலோடு எரிந்துபோன மாநிலம் இது. ஆனாலும் இந்தத் தடைகள் பல மையங்களின் வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை.

“போதை மையத்துக்கு மனநலச் சட்டம் எதற்கு?” என்று அவர்கள் கேட்கலாம். மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைக் கோளாறும் இந்தச் சட்டத்தின்படி மனநோய்தான். அப்படிப்பட்டவர்களை உள்ளே தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆணையத்தின் அலுவலகம் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை வளாகத்தில் இருக்கிறது. பதிவு இல்லையென்றால் முதல் முறைக்கே ரூ.5,000 முதல் ரூ.50,000 வரை அபராதம் உண்டு. பதிவு எண் என்ன என்று எழுதிக் கேளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். உங்கள் கணவருக்கு நோய் இருக்கிறதா என்றால், இருக்கிறது. அதில் சண்டை இல்லை. ஆனால் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக உள்ளே வைக்க நோய் மட்டும் போதாது. 89-வது பிரிவு இன்னும் சிலவற்றைக் கேட்கிறது. சமீபத்தில் தன்னையோ பிறரையோ உடலளவில் தாக்கும் நிலையிலோ, தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலையிலோ அவர் இருந்திருக்க வேண்டும். சிகிச்சை பற்றிச் சுயமாக முடிவெடுக்க முடியாதவராகவும் இருக்க வேண்டும். சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய 7 நாட்களிலோ ஒரு மனநல மருத்துவரும், மற்றொரு மருத்துவர் அல்லது மனநலத் தொழில்முறையாளரும் தனித்தனியாக அவரைப் பரிசோதித்திருக்க வேண்டும். இதைவிடக் கட்டுப்பாடு குறைந்த வழி எதுவும் இல்லை என்றும் ஆகியிருக்க வேண்டும்.

மகன் கழுத்தைப் பிடித்ததை மறைக்காதீர்கள். எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்து நீட்டும். ஆபத்து இருந்தது என்று வைத்துக்கொண்டாலும் மற்றவை எங்கே? விடிந்ததும் “நானே வர்றேன்” என்று சொன்னவர் முடிவெடுக்கத் தெரியாதவர் ஆகிவிடுவாரா? இந்த வழக்கில் என்னைப் பொறுத்தவரை அந்த ஒரு வாக்கியம்தான் பெரிய சாட்சி. அவர் சொன்னதை வேறு யாரெல்லாம் கேட்டார்களோ அவர்கள் பெயரை எழுதி வையுங்கள். வேனில் வந்த நாலு பேரில் டாக்டர் யாரும் இருந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அவசர சிகிச்சை என்று சொன்னாலும் அதற்கு 72 மணி நேரம்தான். 89-ன் கீழ் என்றால் 30 நாள். அதற்கு மேல் வைக்க இரண்டு மனநல மருத்துவர்களின் பரிசோதனையும் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும். ‘மூணு மாச கோர்ஸ்’ என்று முதல் நாளிலேயே நாள் குறிக்கச் சட்டத்தில் இடமில்லை. பார்க்கவிடாமல், போன் பேசவிடாமல் வைப்பதும் அப்படித்தான். பார்வையாளரைச் சந்திக்கவும் போனில் பேசவும் அவருக்கு உரிமை உண்டு (26).

2018 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ். முரளிதர் அமர்வு இதுபோன்ற ஒரு வழக்கைப் பார்த்தது. வயது வந்த பெண் ஒருவரை, குடும்பத்தார் ஏற்பாட்டில், ஆம்புலன்ஸ் அனுப்பிப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அது பழைய 1987-ம் ஆண்டுச் சட்டக் காலத்துச் சம்பவம். அப்போதே அது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அண்ணன் கையெழுத்து விஷயத்தில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மனைவிக்குத்தான் முதல் உரிமை என்று இந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. நோயாளி யாரையும் நியமிக்காதபோது, சிகிச்சை முடிவுகளில் அவருக்குத் துணை நிற்கும் பிரதிநிதியாக ‘உறவினர்’ இருக்கலாம் என்கிறது. அண்ணனும் உறவினர், நீங்களும் உறவினர். ஆனால் உங்கள் கணவர் ஒரு வெள்ளைத் தாளில் “என் மனைவியை என் பிரதிநிதியாக நியமிக்கிறேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அண்ணன் இடம் காலி. முத்திரைத் தாளோ பதிவோ தேவையில்லை. அவரைப் பார்க்க முடிகிற முதல் நிமிடத்தில் இதைச் செய்யுங்கள்.

சரி, எங்கே போவது? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வேலூர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. வருமானம் பார்க்காமல் பெண்களுக்கும், மனநல மருத்துவமனையில் வைக்கப்பட்டிருப்பவர்களுக்கும் இலவச வக்கீல் தருவார்கள். போனில் 15100. அவர்கள் மூலம் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மனு போடுங்கள். மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவர் தலைமையில் இயங்குவது அது. 89-ன் கீழான சேர்க்கையை எதிர்த்து வந்த மனுவை 7 நாளில் முடிக்க வேண்டும். சட்டம் சொல்வது 7 நாள்தான், ஆனால் நடைமுறையில் நான் அதை நம்பிக் காத்திருக்க மாட்டேன். கூடவே வருவாய்க் கோட்டாட்சியரிடமோ (ஆர்.டி.ஓ.) முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடமோ, சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டவரைத் தேடி மீட்கும் உத்தரவு கேட்கலாம். புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 100-வது பிரிவு அது. மையம் பதிவே இல்லாதது என்று தெரிந்தாலோ, அவரைக் கண்ணிலேயே காட்ட மறுத்தாலோ, நேரே சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. போலீஸில் கொடுக்கும் புகாருக்கு மனு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

நிலம். உள்ளே இருக்கும்போது அவரிடம் எதிலாவது கையெழுத்து வாங்கியிருந்தால் அது நிற்பது கஷ்டம். சிகிச்சை பற்றி முடிவெடுக்கத் தெரியாதவர் என்று உள்ளே தள்ளிவிட்டு, பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மட்டும் தெளிந்த புத்தியோடு கையெழுத்துப் போட்டார் என்று யார் சொல்ல முடியும்? இருந்தாலும் சார்பதிவாளரிடம் ஒரு ஆட்சேபணை மனுவைக் கொடுத்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அண்ணன் கெட்ட எண்ணத்தில்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. கழுத்தில் விரல் தடம் பதிந்த பிள்ளையைப் பார்த்துப் பதறியும் இருக்கலாம்.

பென்ஷன் பற்றிய பயத்தை விடுங்கள். மனநல சிகிச்சை எடுத்ததற்காக சர்வீஸ் பென்ஷனை நிறுத்த முடியாது. உண்மையில் உங்களுக்கு இன்னொன்று வர வேண்டியிருக்கலாம். சர்வீஸிலேயே பி.டி.எஸ்.டி. என்று சிகிச்சை நடந்திருக்கிறது. ஓய்வு பெறும்போது மெடிக்கல் போர்டு என்ன எழுதியது என்று பாருங்கள். சேரும்போது மருத்துவக் குறிப்பில் இல்லாத நோய் பின்னால் வந்தால், அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது ராணுவத்தின் பொறுப்பு என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊனமுற்றோர் பென்ஷன் கோரிக்கையை ராணுவ ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்பி, மறுத்தால் ராணுவத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. நிலுவைத் தொகை பொதுவாக மனு தேதிக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குத்தான் கிடைக்கும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

துப்பாக்கி வேறு கதை. மனநோய் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் ‘சித்தசுவாதீனம் இல்லாதவர்’ ஆகிவிட மாட்டார், அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். எனவே லைசன்ஸ் தானாகப் போகாது. ஆனால் கலெக்டர் மறுபரிசீலனை செய்யலாம். அதற்காக இப்போது வாதாடாதீர்கள். தேர்தல் சமயத்தில் ஒப்படைப்பதுபோல போலீஸ் ஸ்டேஷனிலோ லைசன்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். தூக்கத்தில் திடுக்கிட்டு எழுகிறவர் இருக்கும் வீட்டில் தோட்டாவும் துப்பாக்கியும் இருக்கக் கூடாது. வேலை போனாலும் பரவாயில்லை.

கடைசியாக, மீட்டு நேரே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். உங்கள் பயம் நியாயமானது. அவர் வர ஒப்புக்கொண்ட மருத்துவமனைக்கே போங்கள். முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டு இருக்கும், வேலூர் பாலிகிளினிக்கில் ரெஃபரல் கேளுங்கள். அவரே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தால் அது சுய சேர்க்கை. அவர் வெளியே போகக் கேட்டால் விட வேண்டும், மருத்துவர் சந்தேகப்பட்டால் பரிசோதிக்க 24 மணி நேரம் வைக்கலாம், அவ்வளவுதான். அங்கே தெளிவாக இருக்கும் ஒரு நாளில், அடுத்த முறை நோய் முற்றினால் எந்த மருத்துவமனை, என்ன செய்யலாம், என்ன கூடாது என்று முன்கூட்டிய விருப்ப ஆவணம் எழுதச் சொல்லுங்கள். 5-வது பிரிவு அதற்குத்தான். இடைப்பட்ட ராத்திரிகளில் அவசரமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. மகனிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: அப்பாவைத் தொட்டு எழுப்ப வேண்டாம், வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடட்டும்.

மையத்துக்குக் கட்டிய முன்பணம் திரும்பாது என்பார்கள். ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.