பழுதான நுண்குழாயைச் சிறுநீரகமே சரிசெய்துகொள்ளுமா?

சுகர் வந்து 12 வருடம் ஆகிறது. சிறுநீரில் ஆல்புமின் 140 என்று ரிப்போர்ட். கிரியேட்டினின் நார்மல். கிட்னி போய்விட்டதா? போனது திரும்புமா? (மதுரை வாசகர்)

போகவில்லை. கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு; அது ரத்தத்தில் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்கிவிடும். 30-க்குள் இருக்க வேண்டியது 140 என்றால் சல்லடை தளர ஆரம்பித்திருக்கலாம். ஆனால் ஒரே டெஸ்ட்டை வைத்து முடிவு கட்ட வேண்டாம். காய்ச்சலிலும் சிறுநீர்த் தொற்றிலும்கூட ஏறும். அடுத்த மூன்று மாதத்துக்குள் இன்னும் இரண்டு முறை பாருங்கள்.

சல்லடை என்று நான் சொல்வது குளோமெருலஸை. தலைமுடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் நூல்பந்து போலச் சுருண்டு கிடக்கும் முடிச்சு அது. ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் இருக்கும். மற்ற நுண்குழாய்களில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தத்தை இவை நாள் முழுக்கத் தாங்குகின்றன. குழாயின் உட்சுவர் முழுக்கப் பொத்தல்கள், அதன்மேல் வழவழப்பான ஒரு பூச்சு. வெளிப்பக்கம் போடோசைட் என்ற செல்கள் விரல்களைக் கோத்தபடி குழாயை அணைத்து உட்கார்ந்திருக்கும். வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து உட்சுவர் செல்களை உயிரோடு வைத்திருப்பதும் இவைதான். வெளியே இருப்பவர் சமைக்க, உள்ளே இருப்பவர் சாப்பிடுகிற குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உட்சுவர் செல் ஒன்று செத்தால் பக்கத்துச் செல் பெருகி அந்த இடத்தை மூடிவிடும். போடோசைட் அப்படிப் பெருகுவதில்லை. கணிசமாக உதிர்ந்தால் அந்த இடத்தில் தழும்புதான் விழும். கூடுதல் சர்க்கரை பூச்சையும் அரிக்கிறது, போடோசைட்டையும் உதிர்க்கிறது.

திரும்புமா என்று கேட்டீர்கள். 1998-ல் வந்த ஒரு ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். டைப் 1 சர்க்கரை நோயாளிகள் எட்டுப் பேருக்குக் கணைய மாற்று சிகிச்சை செய்து சர்க்கரையை நார்மலாக்கினார்கள். ஐந்து வருடம் கழித்துச் சிறுநீரகத்திலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தால் முன்னேற்றமே இல்லை. பத்தாவது வருடம் பார்த்தபோது தடித்திருந்த சுவர்கள் மெலிந்திருந்தன! அதனால் மூன்று மாதத்தில் பலன் தெரியவில்லையே என்று மருந்தை விட்டுவிடாதீர்கள்.

டெல்மிசார்ட்டான் ஆரம்பித்ததும் கிரியேட்டினின் 1.1-லிருந்து 1.3 ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்தச் சொல்கிறார். (திருச்சி வாசகி)

பக்கத்து வீட்டுக்காரருக்கு என் வணக்கம். நூல்பந்துக்குள் ரத்தம் நுழைய ஒரு வாசல், வெளியேற ஒரு வாசல். இந்தப் பிரஷர் மாத்திரை வெளியேறும் வாசலை அகலமாக்கி உள்ளழுத்தத்தைக் குறைக்கிறது. அழுத்தம் குறைந்தால் வடிகட்டலும் கொஞ்சம் குறையும், கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக நாங்கள் தொடரவே சொல்வோம். உங்களுக்கு ஏறியது 18 சதவீதம்தான். பொட்டாசியம் பார்த்தார்களா என்று மட்டும் கேளுங்கள். வாந்தி, பேதி வந்தால் அந்த நாட்களில் மாத்திரை வேண்டுமா என்று டாக்டருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

அப்பாவை வயலில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. மூன்று வாரம் டயாலிசிஸ். இப்போது யூரின் நன்றாகப் போகிறது, கிரியேட்டினின் 1.2. இனி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா? (விழுப்புரம் வாசகர்)

கட்டாயம் போக வேண்டும். இந்த விஷம் சிறுநீரகத்தைத் தாக்கும் வழிகளில் ஒன்று, நுண்குழாய்களுக்குள்ளேயே ரத்தத்தை உறையவைப்பது. அந்த உறைவுகளைத் தாண்டும் சிவப்பணுக்கள் கிழிந்துபோகும். ரத்தத் துளியைக் கண்ணாடிச் சில்லில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வட்டமாக இருக்க வேண்டியவை ஹெல்மெட் போல, உடைந்த வளையல் துண்டு போலக் கிடக்கும்.

அப்பாவுக்கு உறைவு கரைந்து, உட்சுவர் செல்கள் பெருகி, ஓட்டம் திரும்பியிருக்கும். ஆனால் வடிகட்டிய நீரைச் சிறுநீராக்கும் நெஃப்ரான் குழாய்களைச் சுற்றிப் பின்னியிருக்கும் இன்னொரு ரத்த நுண்குழாய் வலை உண்டு. அந்த நுண்குழாய்களைத் தாங்கிப் பிடிக்கும் பெரிசைட் செல்கள், பெரிய காயத்துக்குப் பிறகு இடத்தை விட்டு நகர்ந்து தழும்பு போடும் வேலைக்குப் போய்விடுகின்றன. பிடிமானம் போன குழாய்கள் மெல்ல மெல்ல மறைந்துவிடும். கிரியேட்டினினில் இது உடனே தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒருவரை “சரியாகிவிட்டது, போய் வாருங்கள்” என்று அனுப்பிவைத்தேன். நாலு வருடம் கழித்து கிரியேட்டினின் 3-க்கு மேல் ஏறி வந்து நின்றார். அதனால் மூன்றாம் மாதம் ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை பிரஷர், ஆல்புமின், கிரியேட்டினின் மூன்றையும் பாருங்கள்.

கர்ப்பத்தில் பிரஷரும் புரதமும் ஏறி எட்டாம் மாதமே சிசேரியன் ஆனது. என் கிட்னி பலவீனமா? (கோவை வாசகி)

பெரும்பாலும் கோளாறு நச்சுக்கொடியில். முதல் கேள்வியில் சொன்ன வி.ஈ.ஜி.எஃப். நினைவிருக்கிறதா? நச்சுக்கொடி அளவுக்கு மீறிக் கொட்டும் வேறொரு புரதம் அந்த வி.ஈ.ஜி.எஃப்.-ஐ உறிஞ்சிவிடுகிறது. சாப்பாடு கிடைக்காத உட்சுவர் செல்கள் வீங்கிக் குழாயை அடைக்கின்றன. 2003-ல் இதைக் காட்டிய குழுவை வழிநடத்திய அனந்த் கருமஞ்சி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. நச்சுக்கொடி வெளியேறியதும் சாப்பாடு திரும்பும், வீக்கமும் வடியும். மூன்று மாதம் கழித்தும் புரதம் போனால் சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். அடுத்த கர்ப்பத்தில் இதை முதல் விசிட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

மூட்டு வலிக்கு தினமும் டைக்ளோஃபினாக் போடுகிறேன். கூடவே கிட்னியைச் சுத்தம் செய்யும் பொடி சாப்பிட்டால் போதுமா? (சேலம் வாசகர்)

போதாது. சிறுநீரகத்தில் துடைத்து எடுக்க அழுக்கு எதுவும் தேங்கிக் கிடக்கவில்லை. டைக்ளோஃபினாக் நுழைவாசலைச் சுருக்கி ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. அதற்குப் பொடி என்ன செய்யும்? இரண்டையும் நிறுத்துங்கள். மூட்டுக்கு வேறு வழி பார்க்கலாம். இந்த வாரமே கிரியேட்டினின் எடுத்துவிடுங்கள்.