கணக்குப் படிக்க ஆசைப்படும் மகள்

கேள்வி: நான் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவன். பிளஸ் டூ முடித்த மகள் பி.எஸ்சி. கணிதம்தான் படிப்பேன் என்கிறாள். நர்சிங்கில் சேர்த்துவிடு, சீக்கிரம் சம்பாதிப்பாள் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். கணக்குப் படிக்க உதவி கிடைக்குமா அம்மா?
– ஒரு தகப்பன், குளச்சல்

பதில்: கிடைக்கும் தம்பி. தாராளமாகச் சேருங்கள். நாகர்கோவிலில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் புதுமைப் பெண் திட்டம். பட்டம் முடிக்கும்வரை மாதம் ரூ.1,000. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் என்று நம் கடற்கரைப் பிள்ளைகள் பலர் விட்டுவிடுகிறார்கள். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் 2024-25 முதல் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். கல்லூரி மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க் ஷீட்டில் வேறு இனிஷியல் என்று கிடந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். அந்த ஒரு எழுத்துக்காக அலைந்து கண்கலங்கி நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பணத்தைவிட நான் பெரிதாக நினைப்பது ஒன்று உண்டு. எம்.டி.டி.எஸ். (Mathematics Training and Talent Search) என்ற கோடைக்காலக் கணிதப் பயிற்சி. கணிதப் பேராசிரியர் குமரேசன் 1993-இல் தொடங்கியது. நான்கு வாரம். தேர்வானால் தங்குமிடம், சாப்பாடு இலவசம். ரயில் கட்டணமும் தருவார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் தேற்றத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பார்கள். அங்கே அது செல்லாது. "இந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு உதாரணம் சொல்" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். பிள்ளை பலகைக்கு முன்னால் நின்று, தப்பாக எழுதி, அழித்து, தானே கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப் பழகிவிட்டால் சென்னை, பெங்களூரு பிள்ளைகள் பக்கத்தில் உட்கார அவளுக்குக் கூச்சம் இருக்காது. உங்கள் மகளுக்கு இது கட்டாயம் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே விண்ணப்ப அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அதனால் வகுப்பில் வாய் திறந்து சந்தேகம் கேட்கட்டும். அவளைத் தெரிந்தவர்தானே எழுதிக்கொடுப்பார்?

அப்புறம் எம்.எஸ்சி.க்கு, தேசிய உயர்கணித வாரியம் தேர்வு வைத்து மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. அதை மூன்றாம் ஆண்டில் யோசிக்கலாம். இப்போதைக்கு மகள் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி ஆதாரை இணைத்துவிடுங்கள்.