பிரஷ்ஷைக் கொஞ்சம் கீழே வையுங்கள்: கேள்வி பதில்

நீர்வண்ணம், அக்ரிலிக், எண்ணெய் வண்ணம் மூன்றிலும் வேலை செய்கிறேன். கை தளர்வதற்காக, பிரஷ்ஷுக்குப் பதில் கையில் கிடைத்த எதை வைத்தாவது வரைந்து பார்ப்பது என் பழக்கம். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் கீழே.

கேள்வி: என் படங்கள் எல்லாம் விறைப்பாக இருக்கின்றன. மரம் வரைந்தால் ஒவ்வொரு இலையையும் வரையாமல் விட முடியவில்லை. பிரஷ்ஷை விட்டு வேறு எதையாவது எடுத்தால் சரியாகுமா?

பதில்: ஆகும். ஏன் ஆகிறது என்று தெரிந்துகொண்டு எடுங்கள். மெல்லிய பிரஷ்ஷை நாம் பேனா மாதிரிதான் பிடிக்கிறோம். எழுதிப் பழகிய விரல்கள் இலை இலையாக எழுதிக்கொண்டே போகும். காலாவதியான பிளாஸ்டிக் கார்டு ஒன்றின் விளிம்பில் வண்ணத்தைத் தொட்டு இழுத்துப் பாருங்கள். விரலுக்கு வேலையே இல்லை, முழங்கையும் தோளும்தான் அசையும். கார்டுக்கு இலை வரையத் தெரியாது. நிழல் பக்கம் ஒரு துண்டு, வெளிச்சப் பக்கம் ஒரு துண்டு, அவ்வளவுதான் அதனால் முடியும். மரத்துக்கு அது போதும் என்று கண் ஒப்புக்கொள்ள நாலைந்து படம் ஆகும்.

அக்ரிலிக்கில் தொடங்குங்கள். இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என்று மூன்றே கலவை, முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். தாள் பெரிதாக இருக்கட்டும். நின்றுகொண்டு வரையுங்கள். 10 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள், அடித்ததும் நிறுத்திவிடுங்கள். இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே என்று முதலிலேயே தீர்மானிக்காவிட்டால் எந்தக் கருவியும் காப்பாற்றாது, சேறுதான் மிஞ்சும்.

தூரமும் உதவும். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் தன் முதுமையில், பிரான்சின் வான்ஸ் ஊர்த் தேவாலயத்துக்கான சித்திரங்களை நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கரித்துண்டைக் கட்டி வரைந்து பார்த்தார். ஒரு கழி கிடைத்தால் நீங்களும் செய்து பாருங்கள். கோடு நடுங்கும், நடுங்கட்டும்.

ஒரு எச்சரிக்கை: சமையலறையிலிருந்து எடுத்த கரண்டியோ ஸ்பாஞ்சோ மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.

கேள்வி: நீர்வண்ணத்தில் உப்பு தூவினேன். பூப்பூவாக வரும் என்றார்கள், ஒன்றும் வரவில்லை.

பதில்: நேரம் தவறியிருக்கும். வண்ணம் குளம் மாதிரி நிற்கும்போது தூவினால் உப்பு கரைந்துவிடும். காய்ந்தபின் தூவினால் ஒன்றும் நடக்காது. தாளின் பளபளப்பு மங்கத் தொடங்கும் நேரம்தான் சரி. நன்றாகக் காய்ந்தபிறகு தட்டி எடுத்துவிடுங்கள். தாளில் தங்கும் உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதால், பயிற்சிக்கு மட்டும் போதும் என்பேன்.

கேள்வி: விரலால் வரையலாமா?

பதில்: தாராளமாக. சீனத்தில் காவ் சீபெய் விரலாலும் நகத்தாலும் வரைந்தே பேர் வாங்கியவர். ஆனால் வண்ணத்தில் காட்மியம், கோபால்ட், ஈய வெள்ளை போன்ற நச்சு நிறமிகள் இருந்தால் கையுறை கட்டாயம்.

கேள்வி: டேப்லெட்டில் இதே தளர்வைக் கொண்டுவர எந்த பிரஷ் செட் நல்லது?

பதில்: என் துறை இல்லை. அதில் வேலை செய்கிறவரைக் கேளுங்கள்.

கேள்வி: எண்ணெய் வண்ணத்தைப் பூசிவிட்டுத் துணியால் துடைத்தே வெளிச்சத்தைக் கொண்டுவரலாமா?

பதில்: அருமையான பயிற்சி. மெல்லிய பழுப்பு ஒன்றை முழுதும் பூசி, வெளிச்சம் விழும் இடங்களை மட்டும் துடைத்து எடுங்கள். ஆனால் அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும், குவிந்த துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.

கேள்வி: உப்பு தூவினால் கரைந்துபோகிறதே?

பதில்: மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: கார்டு, கழி, உப்பு எல்லாம் வித்தை காட்டுவது. வரையத் தெரியாததை மறைக்கும் வழி. பெரிய பிரஷ் ஒன்று இருந்தால் போதும்.

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். பெரிய பிரஷ் நல்ல மருந்து. மறைக்கும் வழி என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. ரெம்பிராண்ட் 1628 வாக்கில் வரைந்த தன்னுருவப் படத்தில், ஈர வண்ணத்தைப் பிரஷ்ஷின் பின்முனையால் கீறித்தான் தலைமுடிச் சுருள்களைக் கொண்டுவந்தார். அவருக்கா வரையத் தெரியாது? 1785-இல் அலெக்சாண்டர் கோசன்ஸ் என்ற ஆங்கில ஓவியர், மையில் வேகமாகக் கறைகள் போட்டு, அவற்றின் மேல் ஊடு தெரியும் தாளை வைத்து நிலக்காட்சி கண்டெடுக்கும் முறையை ஒரு நூலாகவே எழுதினார். கறை போட்டது பிரஷ்தானே என்பீர்கள். ஆம், பெரிய பிரஷ்.

கேள்வி: முன்னவர் சொல்வதுதான் சரி. தற்செயலாக விழுந்த கறைக்கு ஓவியர் எப்படிச் சொந்தம் கொண்டாடுவது?

பதில்: பத்துக் கறை விழும், ஒன்பதைத் துடைத்துவிடுவார். எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கிறாரே, அது தற்செயலா?

கேள்வி: பெரிய பிரஷ் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்.

பதில்: பாதி என்றேன்.

கேள்வி: அப்படியானால் குரங்கு போடும் கறையும் ஓவியமா?

பதில்: குரங்கு எதையும் துடைப்பதில்லை. இந்தச் சண்டையை இதோடு நிறுத்திக்கொள்வோம், வேறு கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி: ஜெர்மன் ஓவியர் ரிக்டர் மாதிரி, ஈர வண்ணத்தை ரப்பர் பட்டையால் இழுத்தேன். எல்லாம் சாம்பலாகிவிட்டது.

பதில்: ஈரத்தின் மேல் ஈரமாக எதிரெதிர் நிறங்களைத் தேய்த்தால் சாம்பல்தான். கீழ் அடுக்கு காயட்டும், அப்புறம் இழுங்கள். ஒரே இழுப்பு. திரும்பப் போகாதீர்கள்.

கேள்வி: கல் உப்பா, தூள் உப்பா?

பதில்: கல் உப்பு. பளபளப்பு மங்கும்போது. உப்புக் கடை இன்றோடு மூடப்பட்டது.

கேள்வி: நீங்கள் சொன்னபடி கார்டில் ஒரு மாதமாக வரைகிறேன். இப்போது கார்டின் மூலையை வைத்தே இலை இலையாக அழகாக வரைய வந்துவிட்டது!

பதில்: அடடா. அப்படியானால் கார்டைத் தூக்கிப் போடுங்கள். அடுத்தது ஸ்பாஞ்ச். சமையலறை ஸ்பாஞ்ச் என்றால் திரும்பிப் போகக் கூடாது.