ஏலத்தோட்டத்தில் டென்ட்: பிள்ளைகளும் நாயும் கூட வந்தால்

சின்னமனூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பூப்பாறை பக்கம் நண்பருக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. அரையாண்டு லீவில் இரண்டு ராத்திரி அங்கே டென்ட் போட்டுத் தங்க ஆசை. கரன்ட் கிடையாது, குழாய் கிடையாது, ஒரு தகர ஷெட் மட்டும் உண்டு. பையனுக்கு 6 வயது, பெண்ணுக்கு 3. சிப்பிப்பாறைக் கலப்பு நாய் ஒன்று இருக்கிறது, விட்டுவிட்டு வர ஆள் இல்லை. யானைக்குப் பயந்து வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். போகலாமா? என்னென்ன எடுத்துப் போகணும்?"

போகலாம். தனியார் தோட்டம், உரிமையாளர் சம்மதம் இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு சுலபமாகச் சொல்கிறேன். காட்டுக்குள் என்றால் பேச்சே இல்லை. சரணாலயத்தில் அனுமதி இல்லாமல் தங்குவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், புலிகள் காப்பகத்துக்குள் நாயை விடவும் மாட்டார்கள். தீ மூட்டுவது பற்றி போடிப் பக்கத்துக்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை, 2018 மார்ச் குரங்கணிக் காட்டுத்தீ உங்களுக்கு மறந்திருக்காது.

வீட்டில் யானைக்குப் பயப்படுவது நியாயம்தான். அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் பிடித்தது பக்கத்துச் சின்னக்கானலில், அடுத்த மாதமே அது கம்பம் தெருவில் நடந்தது. அந்த ஒன்றைக் கொண்டுபோய்விட்டார்கள், மற்ற யானைகள் அங்கேதான் இருக்கின்றன. அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் தோட்டத்து வாட்ச்மேனிடம் நேரடியாகப் பேசுங்கள். நண்பரிடம் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் வராது" என்றுதான் சொல்வார். அந்த வாரம் யானை அந்தப் பக்கம் வந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள், இதில் சமாதானமே வேண்டாம். வரவில்லை என்றாலும் அரிசி, உப்பு, வாழைப்பழம் எதையும் டென்ட்டுக்குள் வைக்காதீர்கள், எல்லாம் ஷெட்டில் இருக்கட்டும்.

அப்புறம் நாய். அவிழ்த்துவிட்ட நாய் யானையைக் கண்டால் குரைத்துக்கொண்டே போகும். யானை திரும்பித் துரத்தினால் நேரே உங்களிடம்தான் ஓடிவரும், பின்னாலேயே யானையும். சிப்பிப்பாறை வேறு, வேட்டைக்கென்றே வளர்ந்த இனம், முயல் ஒன்று குறுக்கே ஓடினால் நீங்கள் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் காதில் விழாது. பகல் முழுக்க நீளக் கயிற்றில், அதுவும் யாராவது ஒருவர் கையில் இருக்கட்டும். ராத்திரி வெளியே கட்டவே கட்டாதீர்கள், சிறுத்தைக்கு நாய்தான் முதல் குறி. கார் கண்ணாடியை நான்கு பக்கமும் இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு உள்ளே படுக்கப் போடலாம், அல்லது ஷெட்டுக்குக் கதவு ஒழுங்காக இருந்தால் அங்கே. முடி குட்டையான நாய்க்கு அந்தக் குளிர் தாங்காது, அடியில் இரண்டு சாக்கு, மேலே ஒரு பழைய கம்பளி போடுங்கள். பகலில் வெயிலில் நிற்கிற காருக்குள் அடைத்துவைத்தால் கண்ணாடி இறக்கியிருந்தாலும் ஆபத்து.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் யானையைவிட அதிகம் பயப்படுவது படுதாக்குளத்துக்குத்தான். அந்தப் பக்கத் தோட்டங்களில் மழைத்தண்ணீர் பிடிக்க மண்ணைத் தோண்டி உள்ளே பிளாஸ்டிக் படுதா விரித்திருப்பார்கள். பார்க்க அழகாக, அமைதியாக இருக்கும், பிள்ளைகள் தானாகவே அந்தப் பக்கம் போகும். சரிவான படுதா, மேலே பாசி பிடித்திருக்கும். ஒருமுறை கால் வழுக்கினால் பெரிய ஆளே பிடிமானம் இல்லாமல் ஏறிவர முடியாது, நாயும் நகத்தால் பிறாண்டிப் பிறாண்டிக் களைத்துப்போகும். காரை நிறுத்தியதும், சாமான் இறக்குவதற்கு முன்னாலேயே தோட்டத்தைச் சுற்றி நடந்து குளம் எங்கே, வேலி இருக்கிறதா என்று பாருங்கள். டென்ட்டை அதன் கண்பார்வையில்கூடப் போட வேண்டாம். குளத்தோரம் ஒரு மரத்தில் முடிச்சுப் போட்ட தடித்த கயிறு கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். டென்ட் அடிப்பது, அடுப்பு பற்றவைப்பது என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மும்முரமாகிற அரை மணி நேரம்தான் மோசமான நேரம், ஒருவர் வேலை பார்த்தால் மற்றவர் பிள்ளைகளை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் கூடாது. ஏலத்துக்கு மருந்து அடிப்பது அதிகம். மருந்து கலக்கிய டிரம், ஓடை, குளம் எதிலும் நாய் வாய் வைக்காமல் பாருங்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், பூச்சிமருந்து போகாது. கடைசியாக எப்போது அடித்தார்கள் என்று அதே வாட்ச்மேனிடமே கேளுங்கள், இரண்டு மூன்று நாளுக்குள் என்றால் வேறு தேதி பாருங்கள். தண்ணீர் வீட்டிலிருந்தே போகட்டும்: குடிக்க, சமைக்க நாளுக்கு ஒரு 20 லிட்டர் கேன், கைகால் பாத்திரம் கழுவ இன்னொன்று. நாய்க்குக் கிலோவுக்கு 50, 60 மில்லி என்று கணக்கு, 20 கிலோ நாய் என்றால் நாளைக்கு ஒரு லிட்டர், ஓடியாடினால் இன்னும் கூட. குழாய் வைத்த கேன் ஒன்று இருந்தால் கை கழுவும்போது பாதித் தண்ணீர் மிச்சம்.

டிசம்பர் கடைசிக் குளிர் நம் ஊர்ப் போர்வைக்கு அடங்காது. குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்து ஏறுவதுதான் அதிகம், ஆகவே கீழே தார்ப்பாய், அதன்மேல் கோரைப்பாய், அதற்கும் மேலே கனமான ஜமுக்காளம். பிள்ளைகளை நடுவில் போட்டு, காலுறை, குரங்குக்குல்லா மாட்டிவிடுங்கள். குளிருகிறதே என்று கரித்துண்டுச் சட்டியையோ கேஸ் அடுப்பையோ மட்டும் டென்ட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது. அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். புகை தெரியவில்லையே என்று நினைத்து மூடின அறையில் கரி வைத்துப் படுத்துச் செத்தவர்கள் மலைப்பக்கம் உண்டு. டென்ட்டின் காற்றுச் சன்னலையும் அடைக்காதீர்கள், உள்ளே நீர் கோத்துப் படுக்கை நனைந்துவிடும்.

வெளிச்சத்துக்கு, ரப்பர் வெட்டப் போகிறவர்கள் தலையில் மாட்டுகிற ஹெட்லைட் ஆளுக்கு ஒன்று, பையனுக்கும் சேர்த்து. போனுக்குப் பவர் பேங்க் போதும். கக்கூஸுக்குத் தண்ணீர் இருக்கிற இடத்திலிருந்து 60 மீட்டராவது தள்ளி ஒரு சாண் ஆழக் குழி, மேலே சாம்பலும் மண்ணும்; சின்னவளுக்கு மூடி போட்ட வாளி. டயப்பரையும் பிளாஸ்டிக்கையும் திரும்ப எடுத்துவந்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு முதல் நாள் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும், அடுத்த நாளுக்கு ரவையும் அவலும். உங்கள் ஊர்க்காரர் கூடை நிறையத் திராட்சை எடுத்துப் போகாமல் இருக்கமாட்டீர்கள், அது நாய் வாயில் மட்டும் போகக் கூடாது, சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். வெங்காயம், சாக்லேட்டும் அதற்கு ஆகாது. போடிமெட்டு ஏறும்போது வளைவுக்கு வளைவு வாந்தி வரும், நாய்க்குக் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு இட்லி போதும்.

நாயின் வெறிநோய், லெப்டோஸ்பைரா (எலிக்காய்ச்சல்) தடுப்பூசிகள் முடிந்திருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள், புத்தகத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாம்புக்கடி மருந்து பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாடு, கேரளா இரண்டு மாநிலத்திலும் உண்டு.

வீடு திரும்பிய அன்றே பிள்ளைகளைக் குளிப்பாட்டி அக்குள், காது மடல், தொடை இடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள், நாய்க்குக் காதும் விரல் இடுக்கும். உண்ணி கடித்திருந்தால் நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், முக்கியமாக உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டது மாதிரி கறுப்புப் பக்கு இருந்தால், ஏலத்தோட்டத்தில் தங்கியதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். ஸ்க்ரப் டைபஸாக, அதாவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்ன உண்ணிப்பூச்சி கடித்து வருகிற காய்ச்சலாக இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்துக்குக் கேட்கும், வைரஸ் காய்ச்சல் என்று பாராசிட்டமாலோடு ஒரு வாரம் ஓட்டினால்தான் சிக்கல்.